சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு 44 நிமிடமாம்!

"அண்ணை, சீனக்குடாவிலயிருந்து பலாலிக்கு 185 கிலோமீட்டர்தான், 44 நிமிசம். காலமை வெளிக்கிட்டால் சென்னை பிளைட்டைப் பிடிக்கலாம்தானே?" திருகோணமலையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. சீனக்குடா எங்கள் ஊர் விமான நிலையம், பலாலி யாழ்ப்பாணத்தது. தூரம் சரிதான். ஆனால் அந்தத் தடத்துக்கு இதுவரை ஒரு டிக்கெட்கூட நான் போட்டதில்லை.

தூரம் காட்டும் இணையத்தளங்கள் இரண்டு விமான நிலையங்களின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எடுத்து, பூமியின் வளைவுக்கு ஏற்ற மிகக் குறுகிய கோட்டை அளந்து சொல்கின்றன. அங்கே விமானம் ஓடுகிறதா என்பதை அவை பார்ப்பதே இல்லை. சீனக்குடா ஒரு விமானப்படைத் தளம் என்பதும் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. சில தளங்கள் கடல் மைலில் காட்டும். அதே 185 கிலோமீட்டர் அங்கே 100 ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கிட்ட என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு.

நேரக் கணக்கு இதைவிட மோசம். பல தளங்கள் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணியைச் சேர்க்கின்றன. அது பெரிய ஜெட்டின் வேகம். சின்ன ஓடுபாதைகளுக்கு வருவது பெரும்பாலும் விசிறி வைத்த விமானங்கள். ஏடிஆர் 72 என்றால் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும், செஸ்னா கரவன் 300ஐக் கொஞ்சம் தாண்டும். பலாலி–சென்னை சுமார் 355 கிலோமீட்டர். தளத்தின் கணக்கில் அது 57 நிமிடம், ஏடிஆரில் போனால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி.

ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் கதை தலைகீழ். வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், அட்டவணையிலேயே 2 நிமிடம்தான். தளத்தைக் கேட்டால் அரை மணி என்னும்! அப்புறம், காற்று என்று ஒன்று இருக்கிறது. சிலியின் சந்தியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவுக்கு ஏறத்தாழ 3,750 கிலோமீட்டர். போகும்போது மேல்காற்று எதிர்ப்பதால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும், திரும்பும்போது குறையும்.

நமக்கு உண்மையில் நேரத்தைத் தின்பது தரைவழிதான். திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் 230 கிலோமீட்டருக்கு மேல், பலாலி அதற்கும் அப்பால். வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும். ஆகவே மத்தியான விமானத்துக்கு விடியமுன்னமே வெளிக்கிடச் சொல்வேன்.

சென்னையில் இறங்கி வேறொரு விமானம் ஏறுபவர்கள் இரண்டும் ஒரே டிக்கெட்டா என்று கட்டாயம் கேளுங்கள். தனித்தனி என்றால், முதலாவது தாமதித்து இரண்டாவது தவறினாலும் பொதுவாக இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. பொதியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும், அதற்கு இந்திய விசா கையில் இருக்க வேண்டும்.