புள்ளி ஏறுகிறது, பாடம் ஏறுகிறதா?

இணையவழி வகுப்புகளுக்குப் பாடம் வடிவமைப்பது என் தொழில். “கணக்கு ஆப்பைத் திறந்தால் பையன் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறான்” என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். உட்காரட்டும். அங்கே என்ன செய்கிறான்?

மாணவர்களின் பயன்பாட்டுப் பதிவுகளில் ஒரே கூத்தை அடிக்கடி பார்க்கிறேன். கேள்வியைப் படித்து முடிக்கும் அவகாசம்கூட ஆகியிருக்காது. முதல் விடையைத் தட்டியாயிற்று. தவறு. உடனே இரண்டாவது, அதுவும் தவறு. மூன்றாவது சரி, நாணயங்கள் கொட்டுகின்றன. தவறினால் எதுவும் குறையாது என்பதைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் கற்றது கணக்கை அல்ல, ஆப்பின் ஓட்டையை.

இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ‘ஸாம்பி டிவிஷன்’ என்ற விளையாட்டில் எலும்புக்கூடுகள் மார்பில் ஓர் எண்ணுடன் எதிரே வரும். ஒவ்வொரு தாக்குதலும் ஒரு வகு எண். எலும்புக்கூட்டின் எண்ணை மீதியின்றி வகுப்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வீழும். இதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தில் சண்டையில் கணக்கே கிடையாது. சுற்றுகளுக்கு இடையே வகுத்தல் கேள்விகள் வரும். 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள், ஒரே அளவு நேரத்தில், முதல் வடிவத்தில்தான் அதிகம் கற்றார்கள். விருப்பம்போல் விளையாட விட்டபோது அதிலேயே 7 மடங்கு நேரம் செலவிட்டார்கள். இன்று ‘விளையாட்டுவழிக் கல்வி’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வடிவம்தான் என்பது என் கணிப்பு.

பதக்கம், தரவரிசைப் பட்டியல் போன்றவற்றிலும் எச்சரிக்கை தேவை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் நடத்திய ஆய்வை 1973-இல் வெளியிட்டார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு பரிசு இல்லாத நாட்களில் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. தினமும் வந்தால் வைரம், ஒருநாள் தவறினால் எல்லாம் போச்சு என்று மிரட்டும் ஆப்புகளைப் பார்க்கும்போது இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

இதற்காக விளையாட்டையே ஒதுக்க வேண்டியதில்லை. வோட்டர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் கணினி விளையாட்டுவழிக் கற்றல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கற்றலும் நினைவில் நிற்பதும் வழக்கமான முறையைவிடக் கூடுதலாகவே இருந்தன. விளையாட்டோடு வேறு கற்பித்தலும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. வீட்டில் அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும், “24-க்கு 5 ஏன் சரிப்படவில்லை?” என்று கேட்டு, ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆப்புக்குச் சந்தா கட்டும் முன் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். கேள்வியைப் படிக்காமலே அடுத்த கட்டத்துக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், பணத்தைக் கட்டாதீர்கள்.