ஒரு வாஷர் குறைந்தால்

பள்ளத்தூரில் மாமா வீட்டு முகப்பை ஒட்டி ஒரு பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது. 1089 சிசி எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது அதுதான். போன சித்திரையில் அந்தக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, புது கிட் (மாற்று உதிரிகள்) போட்டு மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று கரும்புகை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சோறாக்கிய பானையின் அடிபோலக் கரி. காரைக்குடி போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கியது.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தானப்பா ஓடுச்சு!" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மெக்கானிக்குகள் இதை 'ரிச்சா ஓடுது' (கலவையில் பெட்ரோல் அதிகம்) என்பார்கள். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக்கணக்கில் சொன்னால் மனதில் நிற்காது. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேலான காற்று. வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி வரிசையாக இருக்குமே சின்ன அறைகள், அதில் ஒன்று கொள்ளும் அளவு. காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் போனால், விறகைத் திணித்து மூச்சடைக்க வைத்த அடுப்பு கதைதான்.

இந்தக் கணக்கைக் கார்புரேட்டர் எப்படி வைத்துக்கொள்கிறது? அதன் தொண்டை நடுவில் குறுகியிருக்கும். அங்கே காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும். பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல்மீது வழக்கமான காற்றழுத்தம் இருப்பதால், அது பெட்ரோலை ஜெட் என்ற சின்னத் துளை வழியாகத் தொண்டைக்குத் தள்ளிவிடும். எஞ்சின் உறிஞ்சுகிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் வெளிக்காற்றுதான் தள்ளுகிறது.

விஷயமே இங்கேதான். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம், தொண்டையில் அது வெளிவரும் வாயைவிடச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் சின்னத் தள்ளலுக்கே பெட்ரோல் கொட்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடுதான் இங்கேயும். ப்ளோட் என்ற மிதவை மேலேறி, கிண்ணத்தின் மூடியில் திருகியிருக்கும், பெட்ரோல் உள்ளே வரும் நீடில் வால்வை அடைக்கும். வால்வுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு செம்பு வாஷர் உண்டு. அதன் தடிமன்தான் வால்வு எவ்வளவு கீழே தொங்கும், ப்ளோட் எப்போது அடைக்கும் என்று தீர்மானிக்கிறது. வாஷர் மெலிந்தால் வால்வு மேலே போய்விடும், அடைப்பது தாமதமாகும், மட்டம் ஏறும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட, ப்ளோட்டின் கை நீளமாக இருப்பதால், மட்டத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆனால் வந்த மெக்கானிக் முதலில் கை வைத்தது ஐடில் ஸ்குரூவில். ஒரு மணி நேரம் திருகினார். எடுத்ததும் ஸ்குரூ டிரைவரைத் தேடுபவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த ஸ்குரூ நின்றபடி ஓடும் ஓட்டத்துக்கு மட்டும்தான். எல்லா வேகத்திலும் புகைந்தால் கோளாறு வேறு இடத்தில்.

சரி, எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். நின்றுபோன எஞ்சினின் தொண்டையில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்தது. அப்படியென்றால் மட்டம் அதிகம், அல்லது நீடில் சரியாக உட்காரவில்லை, அல்லது ப்ளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறது. ப்ளோட்டைக் காதோரம் குலுக்கினோம், சத்தமில்லை. வெந்நீரில் அமுக்கினோம், குமிழி வரவில்லை. (சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பெட்ரோல் கொதித்துத் தொண்டையில் வழிவதும் உண்டு. அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், இது அடங்கவில்லை.)

சொட்டாமல் இருந்திருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு ஜெட்டுக்குப் போயிருப்போம். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். அடைப்பெடுக்கிறேன் என்று கம்பி விட்டுக் குடைந்து அதை 1.30 ஆக்கினால், பரப்பு 17 சதவீதம் கூடிவிடும். பித்தளை மெத்தென்ற உலோகம். ஜெட்டை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்புறம் மூடியைக் கழற்றினோம். புது வால்வுக்கும் மூடிக்கும் நடுவே வாஷரே இல்லை. பழைய வால்வைக் கிட் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். செம்பு வளையம் அதன் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் நெம்பி எடுத்து மாட்டினோம். பிள்ளையார்பட்டி வரை ஓட்டித் திரும்பிப் பிளக்கைக் கழற்றியபோது, கரி போய், முனை வெளிறிய பழுப்பாக இருந்தது.