மேதைகளுக்குப் பழகத் தெரியாதா?

இயற்பியலாளர் பால் டிராக் அதிகம் பேசாதவர். கேம்பிரிட்ஜில் அவருடன் பணியாற்றியவர்கள், மணிக்கு ஒரு சொல் பேசுவதை 'ஒரு டிராக்' என்று ஓர் அளவாகவே வைத்துக்கொண்டார்கள். 1933இல் நோபல் பரிசு பெற்ற அவரைத்தான், மூளைக்காரர்களுக்கு நாலு பேரோடு பழக வராது என்பதற்குப் பலரும் சான்றாகக் காட்டுகிறார்கள். அவரோ தன் மௌனத்துக்கு வேறு காரணம் சொன்னார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தந்தை, சாப்பாட்டு மேசையில் தன்னோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். நினைத்ததை அந்த மொழியில் சொல்ல வராத சிறுவன் பேசாமலே இருக்கப் பழகிவிட்டான். அதே காலத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வாழ்ந்த கணிதமேதை ஜான் வான் நாய்மன் அறிவில் யாருக்கும் சளைத்தவரல்ல. விருந்தும் வேடிக்கைப் பேச்சுமாக அவர் வீடு களைகட்டும். அவரை யாரும் சான்றுக்கு இழுப்பதில்லை.

தனிமனிதர்களை விட்டுவிட்டு ஆய்வுகளுக்கு வருவோம். 1921இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) மிக உயர்ந்த சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நோஞ்சானாக, ஒதுங்கி வாழும் புத்தகப் புழு என்ற சித்திரம் அதில் சுக்குநூறானது. சராசரியாகப் பார்த்தால் அவர்கள் உடல்நலத்திலும் பிறரோடு ஒத்துப்போவதிலும் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. இந்த ஆய்வில் ஓட்டையும் உண்டு. குழந்தைகளை முதலில் பரிந்துரைத்தவர்கள் ஆசிரியர்கள்; வாயே திறக்காத பிள்ளை அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆனால் பிற்காலச் சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. கண்களை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து அந்த மனிதரின் மனநிலையை ஊகிக்கும் தேர்வு ஒன்று உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறிவுத்திறன் கூடியவர்கள் அதில் சற்றே அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். தொடர்பு வலுவானதல்ல, ஆனால் எதிர்த்திசையில் இல்லை.

அப்படியானால், 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் கண்ணுக்கே ஏன் தோன்றுகிறது? என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மிகச் சுவையான பகுதி இதுதான். அமெரிக்க மருத்துவரும் புள்ளியியலாளருமான ஜோசப் பெர்க்சன் 1946இல் ஒரு பொறியை விளக்கினார். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரு நோய்களுக்கிடையே இல்லாத தொடர்பு முளைத்துவிடும் என்றார். அதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

ஒரு நிறுவனத்துக்கு 400 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேருக்குக் கூர்ந்த அறிவும் பழகும் திறனும் உண்டு. 100 பேருக்கு அறிவு மட்டும், 100 பேருக்குப் பழகும் திறன் மட்டும், மீதி 100 பேருக்கு இரண்டுமே இல்லை. இந்த 400 பேரிடம் இரண்டு திறன்களுக்கும் துளியும் தொடர்பில்லை. இரண்டில் ஒன்றாவது இருந்தால் போதும் என்று நிறுவனம் 300 பேரை எடுத்துக்கொள்கிறது. இப்போது உள்ளே போய்ப் பாருங்கள். அறிவாளிகள் 200 பேரில் பாதிப் பேருக்குத்தான் பழக வரும். அறிவில் சாதாரணமான 100 பேரில் ஒருவர் விடாமல் எல்லோரும் நன்றாகப் பழகுவார்கள், அந்தத் திறன்தானே அவர்களை உள்ளே கொண்டுவந்தது! அங்கே வேலை பார்க்கும் எவரும் 'மூளை இருந்தால் பழக வராது' என்று சத்தியம் செய்வார். வாசலோடு திரும்பிப்போன 100 பேரை அவர் பார்க்கவே இல்லை. கல்லூரி, ஆய்வுக்கூடம், மென்பொருள் நிறுவனம் என வடிகட்டி ஆளெடுக்கும் இடங்களில்தான் இந்த நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது என்பதில் எனக்கு வியப்பில்லை.

உண்மையான சிக்கல் ஒன்று நுண்ணறிவு ஈவின் உச்சத்தில் இருக்கிறது. அதைக் கண்டவர் நியூயார்க்கின் உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த். 180க்கு மேல் நுண்ணறிவு ஈவு கொண்ட பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய அவரது நூல், அவர் இறந்தபின் 1942இல் வெளிவந்தது. அந்நாளில் மன வயதை உண்மை வயதால் வகுத்து, 100ஆல் பெருக்கித்தான் ஈவைக் கணக்கிட்டார்கள். 180 என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய பதினொரு வயது மனம். விளையாட்டில் சிக்கலான விதிகளைப் புகுத்தும்; உடன் விளையாடும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அது புரியாது, ஓடிவிடுவார்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளோ இந்தப் பொடியனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு முதல் ஒன்பது வயது வரை இந்தத் தனிமை மிகக் கடுமையாக இருப்பதாக ஹாலிங்வொர்த் எழுதினார். பழகும் திறன் அந்தக் குழந்தையிடம் இல்லாமல் இல்லை, அதைப் பழக்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஆஸ்திரேலியாவில் கல்வி ஆய்வாளர் மிராகா கிராஸ், ஈவு 160ஐத் தாண்டிய 60 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்தார். வகுப்புகளைத் தாண்டி மூத்த பிள்ளைகளோடு படிக்க அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர், வளர்ந்தபின் நட்பிலும் காதலிலும் நிறைவாகவே இருந்தார்கள். பழகுவதில் அதிகம் தடுமாறியவர்கள், சின்ன வயதிலேயே டபுள் புரமோஷன் கொடுத்தால் கூச்சம் வந்துவிடும் என்று அஞ்சிச் சம வயதினருடனேயே அமர வைக்கப்பட்டவர்கள்.