விமானி எந்த ஊர் இரவில் உறங்குகிறார்?

மானிப்பாயில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி இது: “மார்கழி விடுமுறைக்கு லண்டனிலிருந்து வரும் எங்கள் மாமா ஒரு கிழமைக்குப் பகலெல்லாம் உறங்கி, இரவு இரண்டு மணிக்குக் குசினியில் தேநீர் போடுகிறார். ஒரு தடவை பறந்தவருக்கே இந்தக் கதி என்றால், மாதம் முழுவதும் பறக்கும் விமானிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?”

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் விமானிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் ஒரே நேரம், பயணமும் குறுகியது. கொழும்பிலிருந்து லண்டனுக்குச் செல்பவரின் நிலை வேறு. ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம் பறந்து இறங்கும்போது, அவ்வூர்க் கடிகாரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நிற்கும். அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதற்குச் சுருக்கமான பதில், பெரும்பாலும் அவர் அந்த ஊர் நேரத்துக்கு மாறுவதே இல்லை என்பதுதான். ஓரிரு நாளில் திரும்ப வேண்டியவர் யன்னல் திரைச்சீலைகளை இறுக மூடி, விடுதி அறைக்குள் தன் வீட்டு இரவைத் தொடர முயல்கிறார். விமானிகளென்றால் உலகம் சுற்றிப் பார்ப்பவர்கள் என்று நம்மவர்கள் கலியாண வீடுகளில் சொல்வதுண்டு. அவர்களிற் பலர் மிக நெருக்கமாகப் பார்ப்பது அந்தத் திரைச்சீலைகளைத்தான்.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழில் (hypothalamus), பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களைக் கொண்ட ஒரு சோடிக் கொத்து உண்டு. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். ஒவ்வொரு கலத்திலும் சில பரம்பரையலகுகள் புரதங்களை ஆக்க, அப்புரதங்கள் திரண்டு, தம்மை ஆக்கிய பரம்பரையலகுகளையே அடக்கி, பின்னர் சிதைந்து போக, சுற்று மீண்டும் தொடங்குகிறது. பழ ஈக்களில் இதனைத் துலக்கிய ஹோல், றொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் இச்சுற்று சராசரியாக 24 மணித்தியாலத்தை விடப் பத்துப் பதினொரு நிமிடம் நீளமானது. நாள் நீள்வதை உடல் எளிதாக ஏற்பதும், மேற்குப் பயணம் கிழக்குப் பயணத்தை விட இலகுவாக இருப்பதும் இதனாலேயே.

பிந்த விரும்பும் இக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்துவது சூரிய ஒளி. விழித்திரையில் கோல்களையும் கூம்புகளையும் பற்றிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். அவை தவிர, மெலனொப்சின் என்ற நிறப்பொருளைக் கொண்ட மூன்றாவது வகைக் கலங்களும் அங்கே உண்டு என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியாயிற்று. உருவங்களைக் காட்டுவது இவற்றின் முதன்மைத் தொழில் அன்று. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை, அதிலும் தெளிந்த வானத்தின் நீல நிறத்தை, அளந்து தலைமைக் கடிகாரத்துக்கு அறிவிப்பதே முதன்மை. கோல்களும் கூம்புகளும் அழிந்து பார்வையை முற்றாக இழந்தவர்களிலும், இக்கலங்கள் பிழைத்திருந்தால், அவர்களின் உடல் பகலையும் இரவையும் பிரித்தறிகிறது. கண்ணுக்குப் பார்வையைத் தவிர இன்னொரு புலனும் உண்டென்பதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

அதைவிட வியப்பானது, ஒளி கடிகாரத்தை எத்திசையில் திருப்புகிறது என்பது. உடல் வெப்பநிலை நாளில் ஒரு தடவை அடிமட்டத்தைத் தொடும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன், அதாவது பலருக்கு அதிகாலை நான்கு ஐந்து மணியளவில். இந்த அடிமட்டத்துக்கு முந்திய மணித்தியாலங்களில் கண்ணிற் படும் ஒளியை “இன்னும் மாலை முடியவில்லை” என்று கடிகாரம் எடுத்துக்கொண்டு பின்செல்கிறது. அதே ஒளி அடிமட்டத்துக்குப் பிந்திய மணித்தியாலங்களிற் பட்டால், “விடிந்துவிட்டது” என்று எண்ணி முன்செல்கிறது. ஒரே சூரியன், ஒரே கண், ஓரிரு மணித்தியால இடைவெளி, விளைவோ நேர்மாறு.

மாமாவிடம் இதைப் பொருத்திப் பாருங்கள். லண்டனில் அதிகாலை நான்கரை மணிக்கு அடிமட்டத்தைத் தொடும் அவருடைய உடல், மார்கழியில் மானிப்பாய்க்கு வந்த மறுநாள் அதே புள்ளியை எமது நேரம் காலை பத்து மணிக்கே தொடும். ஊருக்கு வந்த உற்சாகத்தில் ஏழு மணிக்கே கதிரையை முற்றத்தில் போட்டு வெயில் காய்வாரானால், அந்த வெயில் அவரது கடிகாரத்தை லண்டனையும் தாண்டி மேற்கே தள்ளும். பத்தரைக்குப் பின் வெளியே இறங்கினால் அதே வெயில் அவரை யாழ்ப்பாணத்தை நோக்கி இழுக்கும். மறுநாள் இந்த எல்லை சற்று முந்தும். கிழக்கு நோக்கிய மாற்றத்தில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்பது பரவலான கணக்கு. ஐந்தரை மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிழமை! மாணவியின் வீட்டார் கணித்ததும் அதுவே. லண்டனில் இரவு பத்து மணி என்பது இங்கே அதிகாலை மூன்றரை என்பதால், இரண்டு மணித் தேநீரையும் குறைசொல்ல முடியாது. இவ்வாறு உறக்கம் கெட்டவருக்கு மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால் தீங்கில்லை; ஆனால் ஒரு கிழமையில் உடல் தானாகத் தேறியதற்கான பெருமை மிளகாய்க்குப் போய்விடுகிறது.

விமானிகளின் பணிநேர விதிகளும் இந்த அடிமட்டத்தையே சுற்றி நிற்கின்றன. பழகிய ஊரின் நேரப்படி அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரையான வேளையை அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் தனியாகக் குறித்து வைத்துள்ளன. 2014இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிப்படி இரு விமானிகள் பணி தொடங்கும் வேளையைப் பொறுத்து எட்டு அல்லது ஒன்பது மணித்தியாலமே பறக்கலாம். மூவர் இருந்தால் 13, நால்வர் இருந்தால் 17. மேலதிக விமானி வருவது ஒருவர் மாறி ஒருவர் உறங்குவதற்காகவே. போயிங் 777 விமானத்தில், விமானியறைக்குப் பின்னால் குறுகிய படிகளில் ஏறினால், பயணிகளின் தலைக்கு மேலே இரண்டு படுக்கைகள் உள்ளன. நிமிர்ந்து நிற்க இடம் போதாது. போர்வைக்கு மேல் பட்டியைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காற்றோ பாலைவனத்தைப் போல் உலர்ந்தது. விமானத்தைத் தரையிறக்கப் போகிறவர்களுக்கு இந்த உறக்கநேரத்தில் எந்தப் பங்கு கிடைக்கிறது என்பதே புறப்படுமுன் பேசித் தீர்க்கப்படும் முதன்மையான விடயங்களுள் ஒன்று.

இருக்கையிலேயே சிறுதூக்கம் போடுவது வேறு கதை. பசிபிக்கைக் கடந்த விமானங்களில் நாசா நடத்திய ஆய்வொன்றில், 40 நிமிட ஓய்வு கிடைத்த விமானிகள் சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். பயணத்தின் கடைசிக் கட்டத்தில், ஓய்வு கிடைக்காதவர்களை விட விழிப்பாக இருந்தனர். ஐரோப்பா இதைக் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கிறது. அமெரிக்கா, ஆய்வு தன் நாட்டிலேயே நடந்தும், அனுமதிப்பதில்லை. நேரம் நீண்டுவிட்டால் ஆழ்ந்த உறக்கம் வந்துவிடும் என்பதே அஞ்ச வேண்டியது. அதிலிருந்து எழுப்பப்படும் மூளை சில நிமிடங்கள், சிலவேளை அரை மணித்தியாலம் வரை, மந்தமாகவே இருக்கும். 2010 மே 22 அன்று டுபாயிலிருந்து வந்து மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 உயிர்களைக் காவுகொண்ட எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் ஒலிப்பதிவில், தலைமை விமானியின் குறட்டையொலி பதிந்திருந்தது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலம் உறங்கி, அதிகாலையில் எழுந்தவர் அவர். விமானத்தை மீண்டும் மேலெழுப்பச் சொல்லித் துணை விமானி மூன்று தடவை கூறியும் அவர் கேட்கவில்லை. உறக்கமயக்கத்தை விசாரணை அறிக்கை காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. சீட்டில் கண்ணயரும் விமானியைச் சோம்பேறி என்று ஏசுவோர், உறங்க விடாத பணிப்பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம்.

இவ்வளவு அறிவும் விமானிகளுக்காகச் சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது; ஒருவரின் உறக்கத்தில் முந்நூறு பேரின் உயிர் தங்கியுள்ளது. ஆனால் குருநகரிலிருந்து இரவில் கடலுக்குப் போகும் மீனவரின் கடிகாரமும், இரவுப் பணி முடித்து ஏழு மணி வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பும் தாதியின் கடிகாரமும் இதே கலங்களால் ஆனவைதான். அவர்களின் உறக்கத்தை அளக்கக் கையில் கட்டும் ஓர் அசைவுமானியும், எழுதி வைக்க ஒரு கொப்பியும், இரண்டு மாதப் பொறுமையும் போதும். கட்டடம் திறக்கக் கிடைக்கும் பணத்தில் நூறிலொரு பங்கு இதற்குக் கிடைத்தால், எமது மாணவர்களே இதைச் செய்வார்கள் என்பது என் எண்ணம்.

மாணவிக்கு: மாமா இந்த முறை வந்தால், முதல் நாள் பத்து மணி வரை அவரை உள்ளறையில் இருத்தி, பத்தரைக்குக் கிணற்றடிக்கு அனுப்பிப் பாருங்கள். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி போடட்டும். அயலார் கண்நோய் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். நாளுக்கு நாள் எல்லையை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, அவர் உறங்கிய நேரத்தையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.