உலக்கை அமாவாசைக்கும் நிற்கும், செவ்வாய்க்கிழமையும் நிற்கும்

பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர், நடுவில் செங்குத்தாக உலக்கை, சுற்றிலும் கும்பிட்டபடி கூட்டம். சூரிய கிரகணம் வந்துவிட்டால் மலேசியாவில், எங்கள் தெலுக் இந்தான் சுற்றுவட்டத் தோட்டங்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இந்தப் படம் வராமல் இருக்காது. "ஈர்ப்பு சக்தி கூடிப்போச்சு, அதான் நிக்குது" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். படிவம் 4 பிள்ளைகள் மறுநாள் அதையே வகுப்புக்குக் கேள்வியாகக் கொண்டுவருவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இப்போது சுற்றுகிற வீடியோவில், உலக்கைக்குப் பின்னால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் எக்ஸ்ரே ஃபிலிமைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லார் கண்ணும் உலக்கைமேல்.

உலக்கையை முதலில் முடித்துவிடுவோம்.

சூரிய கிரகணம் என்பது நேர்கோட்டில் அமைந்துவிட்ட அமாவாசை, அவ்வளவுதான். ஒவ்வோர் அமாவாசைக்கும் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. இழுப்பும் ஏறக்குறைய அதேதான். பேராக் ஆற்றுக் கழிமுகத்தில் மீன்பிடிப்பவர்களுக்கு இது தெரியும், அன்றைக்கு நீர் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். ஈர்ப்பால்தான் உலக்கை நிற்கிறது என்றால் மாதாமாதம் நின்றிருக்க வேண்டுமே! ஏன் யாரும் வைத்துப் பார்ப்பதில்லை?

அந்த இழுப்பு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். சூரியனும் நிலாவும் தலைக்கு மேல் சேர்ந்து நின்றால், 4 கிலோ உலக்கையின் எடை சுமார் 0.65 மில்லிகிராம் குறையும். கூடாது, குறையும். ஓர் அரிசியை முப்பதாக உடைத்தால் அதில் ஒரு துண்டு. அதே உலக்கையைக் காரில் போட்டு, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் சுமார் ஒரு கிராம் குறையும். கிரகணம் செய்வதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். அந்த மலைமேல் தானா ராத்தாவில் உலக்கை ஏதாவது அதிசயம் காட்டுகிறதா?

இதில் எரிச்சலான விஷயம், நிற்பதற்கும் ஈர்ப்பின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது. எடையின் மையத்திலிருந்து நேர்கீழே இறக்கும் கோடு அடிப்பாகத்துக்குள் விழுந்தால் பொருள் நிற்கும். வெளியே போனால் விழும். நிலாவில் வைத்தாலும் இதே கணக்குதான். நம் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் 1885-இல் கட்டியது. எத்தனை கிரகணம் வந்து போயிற்று, அது சாய்ந்தபடியே நிற்கிறது, கோடு அடித்தளத்துக்குள் விழுவதால். 120 செ.மீ. நீளம், பூண் போட்ட தட்டையான அடி 5 செ.மீ. என்றால், மேல் நுனி 4 செ.மீ. சாய்ந்தாலும் உலக்கை தானாக நிமிர்ந்துகொள்ளும். இன்றைக்கே செய்து பாருங்கள். சமதளத்தில் தாம்பாளத்தை வையுங்கள், இரண்டு விரலால் உச்சியைப் பிடித்து மெதுவாக விடுங்கள். தண்ணீர், தட்டு மட்டமாக இருக்கிறதா என்று காட்டும், வேறு வேலை அதற்கு இல்லை. பூண் தேய்ந்து அடி உருண்டுபோன உலக்கை கிரகணத்தன்றும் நிற்காது. அந்த வீடியோவை யாரும் அனுப்புவதில்லை.

முட்டை நிற்பதும் இப்படித்தான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள் உண்டு. மூன்று மேடு தரையில் உட்கார்ந்தால் முக்காலி. மீதி பொறுமை.

"சூரியன் நிலாவைவிட நூறு மடங்குக்கு மேல் பலமாக இழுக்குமே சார்?" நல்ல கேள்வி. இழுக்கிறதுதான். ஆனால் பூமி, நீங்கள், உலக்கை, தாம்பாளம் எல்லாமே அந்த இழுப்பில் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன, அதனால் அது உலக்கையின் எடையில் தெரிவதில்லை. 2007-இல் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையத்தில் மிதந்ததும் அதனால்தான். அங்கே இங்குள்ள ஈர்ப்பில் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அவரும் சேர்ந்தே விழுந்ததால் மிதந்தார்.

கிரகணத்தில் ஒளி வளைகிறதாமே என்று கேட்பவர்களுக்கு: சூரியனை உரசிவரும் விண்மீன் ஒளி எல்லா நாளும்தான் 1.75 வில்விநாடி வளைகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த 10 சென் காசு தெரியும் அகலம் ஏறக்குறைய அவ்வளவு. 1919 மே 29 முழுக் கிரகணம் சூரியனை மறைத்ததால் பக்கத்து விண்மீன்களைப் படமெடுத்து அளக்க முடிந்தது. வளைத்தது கிரகணம் அல்ல.

இனி அந்தப் பையனின் கண்.

கிரகணத்தில் விஷக் கதிர் எதுவும் வருவதில்லை. தினமும் வருகிற அதே வெயில்தான். மற்ற நாளில் கண் கூசித் திரும்பிக்கொள்கிறோம், கிரகணத்தில் வெளிச்சம் மங்குவதால் உற்றுப் பார்க்கிறோம், கண்மணியும் விரிந்துகொடுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். சிலருக்குச் சில மாதங்களில் குறையலாம், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். புள்ளி தெரிந்தால் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு இருக்காதீர்கள், கண் மருத்துவரிடம் போங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. மஞ்சள் தண்ணீரில், சாணித் தண்ணீரில் சூரியனின் பிம்பத்தைப் பார் என்று பாட்டிமார் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: நீர்ப்பரப்பு குறைந்தது 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தரமான கிரகணக் கண்ணாடி விடுவதோ அதிகபட்சம் 0.0032 சதவீதம். அறுநூறு மடங்கு வித்தியாசம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும். பட்டறையில் கிடப்பது பெரும்பாலும் 10, 11. கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று இருக்கிறதா பாருங்கள். போட்டுக்கொண்டால் வீட்டு விளக்குகூடத் தெரியக் கூடாது. கீறல் இருந்தால் குப்பையில் போடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது.

காசே செலவழிக்காத வழி: ஓர் அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் அட்டையைப் பிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் வெளிச்சத்தை விழவிடுங்கள். 10 சென் காசளவுக்குச் சூரியன் விழும், கடிபட்ட இடம் தெளிவாகத் தெரியும். ஓட்டையைப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கிற பிள்ளையும் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். அட்டை இல்லையா, மரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கில் விழும் ஒவ்வொரு வெளிச்ச வட்டமும் சூரியனின் படம்தான். கிரகணத்தன்று தரை முழுக்கப் பிறை பிறையாகக் கிடக்கும்.

2031 மே 21 வளையக் கிரகணத்தின் பாதை தமிழ்நாடு, இலங்கை வழியாக மலேசியாவுக்கும் வருகிறது. கண்ணாடியை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். உலக்கையை வேண்டுமானால் முந்தின நாளே நிறுத்திவிடலாம்.