பார்த்திராத அப்பாவும் முதல் ஏழு வாரமும்: பூனைக்குக் குணம் எப்படி வருகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூனை ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்று இருக்கிறோம். ஆரஞ்சு நிறம் என்றால் சாது, மூன்று நிறம் கலந்தது முன்கோபி, கருப்பு வேண்டவே வேண்டாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது மடியில் வந்து உட்காரும், எது கட்டிலுக்கு அடியிலேயே குடியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

ஓரளவுக்கு உண்டு. ஆனால் அந்தத் தகவல் தோலின் நிறத்தில் இல்லை. நிறக் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரு எக்ஸ்தான் என்பதால் அதில் ஆரஞ்சு வந்தால் உடல் முழுக்க ஆரஞ்சு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். இரண்டிலும் இருந்தால்தான் முழு ஆரஞ்சு. அதனால்தான் ஆரஞ்சுப் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவன்கள். ஒன்றில் மட்டும் இருந்தால், கரு வளரும்போது ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுவதால் (எலிகளை வைத்து 1961இல் மரபியலாளர் மேரி லயன் சொன்ன விஷயம் இது) உடம்பில் கருப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக வரும். கூடவே வெள்ளையும் இருந்தால் மூவண்ணப் பூனை.

அது எந்த மரபணு என்பது 2025இல்தான் அச்சில் வந்தது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் போய் நின்றன. சுமார் 5,000 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு காணாமல் போயிருக்கிறது. அது இல்லாததால் பக்கத்து மரபணு ஒன்று நிறமிச் செல்களில் தேவையில்லாமல் வேலை செய்கிறது. ஸ்டான்ஃபோர்ட் குழு ஒரு படி மேலே போய் சிறுநீரகம், இதயம், அட்ரீனல் சுரப்பி, மூளை ஆகியவற்றிலும் அந்த மரபணுவின் அளவைப் பார்த்தது. ஆரஞ்சுப் பூனைக்கும் மற்றதற்கும் அங்கெல்லாம் வித்தியாசம் தெரியவில்லை. தோலில் நடப்பது தோலோடு நிற்கிறது என்றே இப்போதைக்குக் கொள்ளலாம்.

கருப்பைப் பற்றி ஒரே வார்த்தை. அதே கருப்புப் பூனை ஒரு நாட்டில் அபசகுனம், பிரிட்டனிலும் ஜப்பானிலும் அதிர்ஷ்டம். பூனை மாறவில்லை, சொல்லும் வாய்தான் மாறுகிறது. இந்த நம்பிக்கையை நம்பிக்கொண்டிருப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாரும் எடுக்காமல் காப்பகக் கூண்டிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பூனைக்குத்தான் நஷ்டம். அதனால் இதைப் 'பாவம், பெரியவர்கள் சொல்கிறார்கள்' என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

சரி, குணத்துக்கு வருவோம். பூனைகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அளந்து பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. 2017இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 பூனைகளின் உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, குணங்களை ஐந்து அச்சுகளாகப் பிரித்தார்கள்: பயந்த சுபாவம், துருதுருப்பு, மற்ற பூனைகளை அதட்டும் போக்கு, நிலையில்லாத அவசரபுத்தி, இணக்கம். ஒவ்வொரு பூனையும் ஐந்திலும் எங்கோ ஓரிடத்தில் நிற்கும். இந்த இடம் எப்படி அமைகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். அதற்குப் பூனையின் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

கடுவனுக்குக் குடும்பப் பொறுப்பு கிடையாது. இணை சேர்ந்ததும் போய்விடும். குட்டிகளை அது பார்ப்பதே இல்லை. குட்டிகளும் அதைப் பார்ப்பதில்லை. இருந்தும் 1986இல் டென்னிஸ் டர்னரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குட்டிகளில் எவை மனிதரிடம் நன்றாகப் பழகுகின்றன என்று கணக்கெடுத்தபோது, ஒரே அப்பாவின் பிள்ளைகள் ஒரே மாதிரி வந்து நின்றன. அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். முகமே தெரியாத அப்பாவிடம் எதைக் கற்றுக்கொள்வது? ரத்தத்தில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி வருவது என்ன? 'மனிதரிடம் பாசம்' என்று ஒரு மரபணு இருக்க முடியுமா? இதைப் பிரித்துக் காட்டியவர் சாண்ட்ரா மக்யூன். 1995இல் வெளியான அவரது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிநேகமான ஒரு கடுவன், சிநேகமில்லாத ஒரு கடுவன். இரண்டுக்கும் பிறந்த குட்டிகள். ஒவ்வொரு அப்பாவின் பிள்ளைகளிலும் பாதிப் பேரை 2ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை, வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கையில் எடுத்துக் கொஞ்சினார்கள். மீதிப் பாதியைத் தொடவில்லை. அப்புறம் ஒரு வயது ஆகும்வரை காத்திருந்தார்கள்.

ஒரு வயதானதும் சோதனை. ஒரு தடவை பழகிய ஆள், ஒரு தடவை அந்நியர், ஒரு தடவை அதுவரை பார்த்திராத ஒரு பெட்டி. அந்நியர் வந்து உட்கார்ந்தபோது, சிநேகமான அப்பாவின் பிள்ளைகளும் சரி, கொஞ்சி வளர்ந்த பிள்ளைகளும் சரி, சீக்கிரமாக அருகில் வந்து உரசின. இரண்டு காரணமும் ஒரே பலனைத் தருகிறது என்றுதானே தோன்றும்? பெட்டியை வைத்ததும்தான் வேறுபாடு வெளியே வந்தது. சிறுவயதில் கொஞ்சியதோ கொஞ்சாததோ பெட்டியிடம் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. ஆனால் சிநேகமான அப்பாவின் பிள்ளைகள் பெட்டியிடமும் தயங்காமல் போய் மோந்து பார்த்தன, சுற்றி வந்தன, அதன் பக்கத்திலேயே இருந்தன.

அப்பா தந்தது மனிதப் பாசம் இல்லை, தைரியம். தெரியாத எதையும் போய்ப் பார்க்கலாம் என்ற துணிச்சல். மனிதரும் தெரியாத பொருள்களில் ஒன்று என்பதால் அந்தத் துணிச்சல் நம்மிடம் சிநேகமாகத் தெரிகிறது. 'மனிதர் என்றால் பயப்பட வேண்டியதில்லை' என்பதோ தனிப் பாடம். அது கைகளால் மட்டுமே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பார்ப்பதற்கு ஒரே குணமாகத் தெரிந்ததை ஒரு பெட்டியை வைத்து இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டார்! இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு அப்பா இருப்பது பூனைகளில் சாதாரணம். ஒரே பெட்டிக்குள் ஒன்று கையை நோக்கிப் பாய்வதும் மற்றொன்று மூலையில் ஒடுங்குவதும் அதனாலும் இருக்கலாம்.

கைகள் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. பிறக்கும்போது குட்டிக்குக் கண் மூடியிருக்கும், காதும் திறந்திருக்காது. வாசனையும் சூடும் தொடுதலும்தான் அதன் உலகம். இரண்டாவது வாரத்தில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் தள்ளாடி நடக்கும். நான்காவது வாரம் தாய் இரையைக் கொண்டுவந்து முன்னால் போடத் தொடங்கும். இந்த நாட்களில் குட்டிக்குப் பயம் இன்னும் முதிரவில்லை. எதிர்ப்பட்டுத் தீங்கு செய்யாமல் போகும் எல்லாமே, அது குரலோ வாசனையோ விரலோ, 'இது நம் உலகத்தைச் சேர்ந்தது' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். ஏழாவது வாரத்தை ஒட்டிப் பயம் முதிர்கிறது. புதிய உருவத்தைக் கண்டால் முதுகு வில்லாக வளைகிறது, ரோமம் குத்திட்டு நிற்கிறது, சீறல் வருகிறது. இயற்கையின் கணக்கில் இது சரியான நேரம். பால்குடி மறந்து, தாயின் கண்பார்வையை விட்டுத் தள்ளிப் போகும் வயது அது. அப்போது தெரியாததை எல்லாம் எதிரி என்று எடுத்துக்கொள்ளும் குட்டிதான் பிழைக்கும்.

இந்தக் கெடுவை ஐலீன் கார்ஷ் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980களில் அளந்தார். அளவுகோல் மிக எளிமையானது: பூனையை மடியில் வைத்துக்கொள், அது எழுந்து போகும்வரை நேரத்தைக் குறி. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் கையில் எடுக்கப்பட்ட குட்டிகள் மடியில் அதிக நேரம் தங்கின. ஏழாம் வாரத்துக்குப் பிறகு அதே கவனிப்பைப் பெற்றவை அந்த அளவுக்குத் தங்கவில்லை. தினம் 15 நிமிடம் கொஞ்சப்பட்டதைவிட 40 நிமிடம் கொஞ்சப்பட்டவை மனிதரோடு இன்னும் ஒட்டிக்கொண்டன. எத்தனை கைகள் என்பதும் முக்கியம்தான். ஒரே ஆள் கொஞ்சி வளர்த்த குட்டி அந்த ஆளிடம் உயிராக இருக்கும், பல பேர் கையில் வளர்ந்தது அந்நியரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. இது 1967லேயே தெரிந்துவிட்டது. கெடு முடிந்தது என்றால் கதவு அறைந்து சாத்தப்பட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் பூனை பழகும். ஆனால் ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு அடியாக, நிறைய நேரம் எடுத்துக்கொண்டு பழகும்.

இதைப் படித்ததும், 'அப்படியானால் ஐந்து வாரக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே' என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து செய்யாதீர்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 5,726 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது. 14 வாரம் தாண்டிப் பிரிக்கப்பட்டவற்றிடம் அது குறைவு. கடிக்கும் விளையாட்டில் எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஆக, மனிதரிடம் பழக வேண்டிய வாரங்களும் தாயோடு இருக்க வேண்டிய வாரங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. குட்டி நம்மிடம் வர முடியாது. நாம்தான் குட்டியிடம் போக வேண்டும். அப்படிப் போகிறவர்கள் காப்பகங்களின் தன்னார்வலர்களும், தாயோடு குட்டிகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும். உங்கள் பூனையின் குணத்தில் பாதி, நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் கையில் உருவாகிவிடுகிறது. எனவே குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்காமல் அவர்களிடம் கேளுங்கள்: எத்தனை வாரத்தில் கிடைத்தது? தாய் கூட இருந்ததா? யார் யார் தூக்கினார்கள், அதில் குழந்தைகள், ஆண்கள் உண்டா? வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டு வளர்ந்ததா? அப்பாவைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பதில், தரையில் ஒரு வெற்று அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் போய் மோந்து பார்ப்பது எது என்பதிலேயே கொஞ்சம் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு என்னுடைய நேரடியான பதில், வளர்ந்த பூனையைத் தத்தெடுங்கள் என்பதுதான். குட்டியிடம் ஊகிக்க வேண்டியதெல்லாம் இரண்டு, மூன்று வயதுப் பூனையிடம் வெளிப்படையாகவே இருக்கும். மடியை விரும்புமா, நாயைச் சகிக்குமா, தனியாக இருக்குமா என்று பராமரிப்பவருக்குத் தெரியும். குட்டிகளை எல்லோரும் கேட்கிறார்கள். வளர்ந்தவை காத்துக்கிடக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூண்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பூனையின் குணமாக இருக்காது, அதன் பயமாக இருக்கும். காதுகள் தலையோடு ஒட்டி, கண்மணி விரிந்து, மலம் கழிக்கும் தட்டுக்குள்ளேயே பின்னோக்கிச் சுருண்டு கிடக்கும் பூனையை 'இது பழகாது' என்று எழுதிவிடக் கூடாது. நெதர்லாந்தின் உட்ரெக்டில் 2014இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே இயல்புக்குத் திரும்பின. மற்றவற்றுக்கு அதிக நாள் பிடித்தது. ஒளிய இடம் கொடுத்தால் பூனை ஒளிந்தே கிடக்கும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு.

இவற்றில் பல எவ்வளவு சின்ன ஆய்வுகள் பாருங்கள்: 19 பூனை, ஒரு மடி, ஒரு பெட்டி. ஆரஞ்சு மரபணுவைத் தேடிய ஜப்பானியப் பேராசிரியர் ஹிரோயுகி சசாகி, ஓய்வுபெற்ற பிறகு பூனைப் பிரியர்களிடம் இணையத்தில் நன்கொடை திரட்டித்தான் அந்த வேலையைச் செய்தார். வீடுகளில் கோடிக்கணக்கில் வாழும் ஒரு விலங்கைப் பற்றிய அடிப்படைக் கேள்விக்கு இப்படிக் கையேந்த வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். பூனை ஏன் திருப்பிக் கொடுக்கப்படுகிறது, எந்த வீட்டுக்கு எந்தக் குணம் ஒத்துப்போகும் என்பதற்கான ஆராய்ச்சிக்கு அரசுகள் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், கூண்டுகளில் இடம் மிச்சமாகும்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. ஒரு சின்ன அறை, தண்ணீர், சாப்பாடு, மண் தட்டு, நுழைந்து ஒளிய ஒரு பெட்டி. அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள், கையை நீட்டாதீர்கள். பூனை உங்களைப் பார்த்தால் கண்களை மெதுவாகப் பாதி மூடித் திறங்கள். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். அப்படிக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகள் பதிலுக்குச் சிமிட்டின, உணர்ச்சியற்ற முகத்தோடு உட்கார்ந்த அந்நியரைவிட அவர்களிடமே அதிகம் நெருங்கின. வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு பூனை உங்களை நோக்கி நடந்து வருகிறதா? அப்போது தொடலாம், கன்னத்தில், இரண்டு விரலால். அந்த நாள் மூன்றாம் நாளாகவும் இருக்கலாம், இரண்டாம் மாதமாகவும் இருக்கலாம். அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.