காசம், சயம், என்புருக்கி: ஒரு நோயின் மூன்று பெயர்கள்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அது காசநோயாக இருக்கலாம், உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்னும் வாசகத்தை அரசு மருத்துவமனைச் சுவர்களில் நாம் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். அதில் வரும் 'காசம்' என்ற சொல்லுக்கே இருமல் என்றுதான் பொருள் என்பதைப் படிப்பவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. நோயின் முதல் அறிகுறியையே பெயராகத் தாங்கி நிற்கும் இச்சொல், வழக்கில் தேய்ந்து தன் பொருளை இழந்து, வெறும் அச்சமூட்டும் பெயராக மாறிவிட்டது. அப்பொருளை மீட்டெடுப்பது சொல்லாராய்ச்சிக்கு மட்டுமன்றி நோய்த் தடுப்புக்கும் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காசம் வடமொழியிலிருந்து வந்த சொல். இருமுதலைக் குறிக்கும் 'காஸ்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'காஸ' என்ற பெயர், தமிழ் ஒலிமரபுக்கு ஏற்பக் 'காசம்' ஆயிற்று. இந்தியில் இருமலுக்கு இன்று வழங்கும் 'கான்சி' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. சித்த மருத்துவ வழக்கில் காசம் என்பது பொதுவாக இருமலைத்தான் குறிக்கும்; மூச்சு இரைப்புடன் கூடிய இருமலைச் 'சுவாசகாசம்' என்பார்கள். சுவாசகாசம் என்பது இன்று நாம் ஆஸ்துமா என்று சொல்லும் ஈளை நோய். அது காசநோய் அன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. பெயரில் காசம் இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஆஸ்துமா நோயாளியை ஒதுக்கி வைப்பதும், அதற்கு நேர்மாறாக உண்மையான காசநோயை 'பழைய ஈளைதான்' என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டிய பிழைகள்.

தமிழில் இன்னொரு காசமும் உண்டு. கண்ணாடியைக் குறிக்கும் 'காச' என்ற வடசொல்லும் தமிழில் காசம் என்றே எழுதப்படும்; அது பார்வை மங்கும் கண்நோய் ஒன்றுக்கும் பெயராக வழங்கியது. பழைய மருத்துவ நூல்களைப் படிப்பவர்கள் எந்தக் காசம் என்பதை இடம் நோக்கி உணர வேண்டும்.

நம்மைச் சுற்றியுள்ள மொழிகள் இந்த நோய்க்கு வேறு பெயரையே தேர்ந்தெடுத்தன என்பது இச்சொல்லின் வரலாற்றில் கவனிக்கத் தக்கது. மலையாளத்தில் க்ஷயரோகம், தெலுங்கிலும் கன்னடத்திலும் க்ஷய, இந்தியில் க்ஷய ரோக், சிங்களத்தில் க்ஷய ரோகய என்று எல்லாமே 'க்ஷயம்' என்ற சொல்லைச் சார்ந்திருக்கின்றன. க்ஷயம் என்றால் தேய்வு, குறைதல். அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரத்தையும், வளர்ச்சியைக் குறிக்கும் அட்சய திருதியையையும் அறிந்த நமக்கு, அந்த 'அ' நீங்கினால் எஞ்சுவது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. தக்கனின் மகளிர் இருபத்தெழுவரை மணந்த சந்திரன் உரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டியதால், மாமனின் சாபம் பெற்றுத் தேய்ந்தான் என்ற புராணக் கதையில் அவனைப் பற்றியதும் இந்தக் க்ஷய நோயே. தமிழிலும் 'சயரோகம்' என்ற வழக்கு இருந்தது. ஈழத்தில் 'கசம்' என்றும் சொல்வதுண்டு. ஆனால் 'ஜயம்' என்ற வெற்றியும் தமிழில் எழுதும்போது சயம் என்றே ஆகிவிடும். வெற்றிக்கும் தேய்வுக்கும் ஒரே எழுத்துவடிவம் அமைந்துவிட்ட விந்தை இது.

மேலைநாட்டுப் பெயர்களும் இதே வழியில் பிறந்தவைதான். கிரேக்கர்கள் இந்நோய்க்கு இட்ட பெயருக்குத் தேய்வு என்றே பொருள். உடலை உள்ளிருந்து தின்று தீர்ப்பது என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் வேறொரு பெயரை நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1830களில் ஜெர்மானிய மருத்துவர் யோகான் லூக்காஸ் ஷோன்லைன், இறந்தவர்களின் நுரையீரலில் காணப்பட்ட சிறு புடைப்புகளை அடிப்படையாகக் கொண்டு 'டியூபர்குளோசிஸ்' என்ற பெயரை இட்டார். இலத்தீனில் 'டியூபர்' என்பது கிழங்கு போன்ற திரட்சி. 'டியூபர்குளம்' என்பது அதன் சிறு வடிவம். ஆகவே நாம் நாள்தோறும் சொல்லும் டி.பி. என்ற இரண்டெழுத்தை விரித்தால், சின்னஞ்சிறு கிழங்குகள் போன்ற முடிச்சுகள் உண்டாகும் நோய் என்று வரும். 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்த நாளே உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனித் தனித்தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'என்புருக்கி நோய்' என்பது பலர் பரிந்துரைக்கும் சொல். பேச்சில் 'எலும்புருக்கி' என்றும் வரும். 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு' என்ற குறளில் நாம் படித்த அதே என்புதான் இது. உருக்கு என்ற பிறவினையுடன் இகர ஈறு சேர்ந்து, பூச்சிக்கொல்லி என்பது போல, என்பை உருக்குவது எனப் பொருள் தருகிறது. சொல்லமைப்பில் எந்தக் குறையும் இல்லாத, செறிவான தமிழ்ச்சொல்.

ஆயினும் பொது அறிவிப்புகளுக்கு இச்சொல் பொருந்தாது என்பதே என் கருத்து. க்ஷயம், என்புருக்கி, கிரேக்கப் பெயர், பழைய ஆங்கிலப் பெயர் ஆகிய நான்கும் நோயை அதன் கடைசிக் கட்டத்தில் கண்டவர்கள் வைத்த பெயர்கள். மருந்தே இல்லாத காலத்தில், கன்னம் ஒட்டி, விலா எலும்புகள் துருத்தி, எழுந்து நடக்க வலுவிழந்த உடலைக் கண்டு அவர்கள் வேறெப்படிப் பெயரிட்டிருக்க முடியும்? ஆனால் அப்பெயரை இன்று கேட்கும் ஒருவர், 'எனக்கு உடம்பு அப்படி ஒன்றும் உருகவில்லையே, வெறும் இருமல்தானே' என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. காசம் என்ற சொல்லோ நோயின் தொடக்கத்தைச் சுட்டுகிறது. வேர் வடமொழியாயினும், நோய் என்ற தமிழ்ச்சொல்லோடு இணைந்து ஊர்ப்புறம் வரை பரவிவிட்ட 'காசநோய்' என்ற பெயரையே பொதுப்பெயராகக் கொண்டு, அதற்கு 'விடாத இருமல் நோய்' என்ற விளக்கத்தையும் சேர்த்துச் சொல்வது தகும்.

என்புருக்கி என்ற சொல்லை முற்றிலும் ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை, ஏனெனில் மெலிவுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை அது மறக்க விடுவதில்லை. நோயால் உடல் மெலிகிறது என்பதைப் பழையவர்கள் கண்டனர். மெலிந்த உடலில் நோய் எளிதாக வேரூன்றுகிறது என்பதை இன்றைய ஆய்வு காட்டுகிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் ஆறு மாதங்கள் வழங்கிப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அவ்வாறு உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக நின்ற அந்தச் செய்தியை முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே உறவைத்தான் பின்பற்றுகிறது: நோய் உறுதியானவுடன் உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை கடுமையாக இருப்பவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மைய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகைத் திட்டத்தின் பெயர் 'நிக்ஷய்' என்று தொடங்குகிறது. க்ஷயம் இல்லாமை என்பது அச்சொல்லின் பொருள். மாதம் 500 ரூபாயாக இருந்த அத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

காசநோய் என்ற பெயருக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இந்நோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. நிணநீர்க் கணுக்கள், முதுகெலும்பு, மூளை உறைகள், சிறுநீரகம், கருப்பை ஆகிய இடங்களிலும் வரும். அப்போது இருமலே இல்லாமலும் இருக்கலாம். கழுத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிகள் தோன்றுவதைக் 'கண்டமாலை' என்று நம் முன்னோர் அழைத்தனர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்தில் மாலை போட்டது போன்ற அந்தக் கட்டிகளில் பல, கணுக்களில் வந்த காசநோயே. மாலையில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்த்தல், காரணமின்றி எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றையும் இருமலோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் வந்தது, சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தனர். புதிய நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இந்தியாவில் வாழ்பவர்கள். இவ்வளவுக்கும் இது மாத்திரையால் குணமாகும் நோய். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுமே தவிர, அவர் உண்ட தட்டாலோ தொட்ட துணியாலோ பரவாது; தட்டைத் தனியே வைப்பதைவிடச் சன்னலைத் திறந்து வைப்பதே வீட்டாருக்குப் பாதுகாப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், சர்க்கரை நோய் மிகுந்த நம் ஊர்களில் அவர்கள் இருமலை இலேசாக எண்ணக் கூடாது. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு இரத்தம் என்று அஞ்சி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், கவலைக்குரியதன்று. இரண்டு மாதத்தில் உடல் தேறிவிட்டதென எண்ணி நிறுத்துவதுதான் பெருங்கேடு, ஏனெனில் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

இந்நோயோடு தமிழுக்குள் வந்த இன்னொரு சொல் 'சானடோரியம்'. குணப்படுத்துதல் என்ற பொருள் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் இல்லத்தால், அவ்விடத்து இரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு என்று நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த அம்முறையின் தேவையைக் கேள்விக்கு உள்ளாக்கியதும் சென்னைதான். 1956இல் இங்கு அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் தங்கி மருந்துண்ட ஏழை நோயாளிகளையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சை குறைந்ததன்று என்றும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் 1959இல் வெளியிட்டது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதன் பிறகே. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அம்மையத்தின் இன்றைய வடிவம்.

தொடக்கத்தில் கண்ட சுவர் வாசகத்தில் வரும் 'சளி'யையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் மிகுந்த குழப்பம் அங்கேதான். பேச்சுத்தமிழில் மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டையில் கட்டுவதும் சளி, நெஞ்சுக்குள் இருப்பதும் சளி. 'சளி கொண்டு வாருங்கள்' என்று திருகுமூடி போட்ட சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தால், பலர் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பித் தருகிறார்கள். நுரைத்த, தண்ணீர் போன்ற அந்த எச்சிலில் கிருமி அகப்படுவது அரிது. முடிவு 'இல்லை' என்று வரும், நோய் உள்ளேயே இருக்கும். நெஞ்சிலிருந்து வருவதற்குத் தமிழில் 'கோழை' என்ற தனிச்சொல் உண்டு. அஞ்சுபவன் என்ற பொருளே இன்று முந்தி நிற்பதால் இச்சொல்லை மருத்துவத்தில் நாம் கைவிட்டுவிட்டோம். 'நெஞ்சுக்கோழை' என்று எழுதினால் அந்த ஐயம் எழாது. குப்பியின் மேல் ஒட்டும் தாளில், 'காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் கட்டியான நெஞ்சுக்கோழையை இதில் துப்பி, மூடியை இறுகத் திருகித் தாருங்கள். எச்சில் வேண்டாம்' என்று அச்சிட்டுக் கொடுக்கலாம்.